வரி எதன்மீது விழுகிறது? தங்கவயலில் இருந்து இந்திய வரி அமைப்பு

ஒரு நாட்டின் வரி அமைப்பைப் புரிந்துகொள்ள முதலில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வரி எதன்மீது விழுகிறது? அதை விதிக்கும் உரிமை யாருக்கு? வசூலான பணம் எந்தக் கருவூலத்தில் சேர்கிறது? எத்தனை சதவீதம் என்பது இவற்றுக்குப் பின்னால் வர வேண்டிய கேள்வி. பட்ஜெட் மறுநாள் செய்தித்தாள்கள் சதவீதத்தைத்தான் முதல் பக்கத்தில் போடுகின்றன. ஒரு தொழில் தழைப்பதும் நசிவதும், ஒரு குடும்பத்தின் சுமை கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் முதல் மூன்று விடைகளைப் பொறுத்தவை.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்த விடைகளை ஒரே பொருளின் வழியாகப் பார்க்க முடிகிறது. தங்கவயலின் கடைவீதியும் நகரசபையும் அமைந்த ராபர்ட்சன்பேட்டை, மைசூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரைத் தாங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஊர். அதை ஒட்டிய சாம்பியன் ரீப், மைசூர், உரிகம், நந்திதுர்க்கம் சுரங்கங்களில் இருந்து ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளிவந்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளில் இருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அதை வெட்டி எடுத்தார்கள். அந்தத் தங்கத்தின்மீது ஒரு காலத்தில் ராயல்டி விழுந்தது, பிறகு அரசு வகுத்த கொள்முதல் விலை விழுந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அதே ஊரின் நகைக்கடைகளில் விற்கும் தங்கம் வெளிநாட்டில் இருந்து வருகிறது. அதன்மீது சுங்கத் தீர்வையும் ஜிஎஸ்டியும் விழுகின்றன.

சட்டம் வகுத்த எல்லைகள்

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 265ஆம் உறுப்பு. இந்திய வரி அமைப்பு முழுவதும் இந்த ஒரு வரியின்மேல் நிற்கிறது. அதிகாரி ஒருவர் சுற்றறிக்கை மூலம் புது வரி போட முடியாது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ சட்டம் இயற்ற வேண்டும். யார் எதற்குச் சட்டம் இயற்றலாம் என்பதை ஏழாம் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. வேளாண்மை அல்லாத வருமானம், நிறுவன இலாபம், சுங்கம் ஆகியவை மத்திய அரசுக்கு. நிலவரி, வேளாண் வருமானம், மது, வாகனம், முத்திரைத் தீர்வை, கட்டடம் ஆகியவை மாநிலங்களுக்கு. மற்ற அதிகாரங்களில் பொதுப்பட்டியல் என ஒன்று உண்டு. வரி விதிப்பில் இருவரும் ஒரே பொருளைத் தொடும் நிலையைத் தவிர்க்கவே அரசமைப்பை எழுதியவர்கள் முயன்றார்கள். அந்தப் பிரிவினையை 2016இல் நிறைவேறிய 101ஆவது திருத்தம் ஓரிடத்தில் மாற்றியது. அதில் சேர்ந்த 246அ உறுப்பின்படி சரக்கு, சேவைகளின்மீது மத்திய அரசும் மாநிலமும் ஒரே நேரத்தில் வரி விதிக்கலாம். அதுவே ஜிஎஸ்டி.

வரி விகிதங்கள் ஆண்டுதோறும் நிதி மசோதா வழியாக நாடாளுமன்றத்துக்கு வருகின்றன. 2017 முதல் பட்ஜெட் பிப்ரவரி 1ஆம் தேதி தாக்கலாகிறது. வரி மசோதா பண மசோதா வகையைச் சேர்ந்தது. மக்களவையில்தான் தொடங்க வேண்டும், மாநிலங்களவை அதைத் தடுக்க முடியாது. சுங்கத் தீர்வை போன்றவற்றை மசோதா நிறைவேறும் வரை காத்திருக்காமல் உடனே வசூலிக்க இடம் தரும் தனிச் சட்டமும் உண்டு. அது இல்லாவிட்டால், நாளை தீர்வை கூடும் என்று தெரிந்த வியாபாரி இன்றே சரக்கை இறக்கிப் பதுக்குவார்.

ஒரு தங்கம், மூன்று கருவூலம்

பிரிட்டிஷ் இந்தியாவின் பழைய வருவாய் நிலவரி, உப்பு, அபினி, சுங்கம் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு கஜானாவைக் காலி செய்ததால், முதல் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியைக் கொண்டுவந்தார். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூலை 24ஆம் தேதியை வருமான வரித் துறை இன்றும் தன் நாளாகக் கொண்டாடுகிறது. ஐந்தாண்டில் நின்றுபோன வரி, 1886இல் நிலையான சட்டமாகத் திரும்பியது. 1922இல் ஒரு சட்டம், 1961இல் இன்னொன்று; 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது.

மைசூர் போன்ற சமஸ்தானங்களில் பிரிட்டிஷ் இந்தியாவின் வரிச் சட்டங்கள் செல்லவில்லை. தங்கவயலின் வரிக்கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. மைக்கேல் லாவல் என்பவர் 1870களில் பெற்ற சுரங்க உரிமம் கைமாறி, 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தது. சுரங்க நிறுவனங்கள் லண்டனில் பதிவானவை. வெட்டி எடுத்த தங்கத்தின் மொத்த மதிப்பில் 5 சதவீதத்தை அவை மைசூர் அரசுக்கு ராயல்டியாகக் கொடுத்தன. மைசூர் அரசோ பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு ஆண்டுக் கப்பம் கட்டியது. 1881இல் ஆட்சி மன்னர் குடும்பத்துக்குத் திரும்பியபோது, அந்தக் கப்பத்தை 24.5 லட்சம் ரூபாயில் இருந்து 35 லட்சமாக உயர்த்துவது நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. இலாபம் ஈவுத்தொகையாக லண்டன் பங்குதாரர்களிடம் போனது, அங்கே பிரிட்டனின் வருமான வரிக்கு உட்பட்டது. ஆக மண்ணுக்கடியில் தமிழ்த் தொழிலாளி வெட்டிய ஒரே பாறை மைசூர், கல்கத்தா, லண்டன் என மூன்று கருவூலங்களுக்குத் தீனி போட்டது. ஒன்றில்கூட அவருக்குச் சொல்ல ஒரு வாக்கு இல்லை. பிரதிநிதித்துவம் இல்லாத இடத்தில் வரி எப்படிச் செயல்படும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தென்னிந்தியாவில் அரிது.

மைசூரின் பக்கமும் சொல்ல வேண்டும். சிவசமுத்திர நீர்மின் நிலையம் 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து முதலில் மின்சாரம் கொடுத்தது தங்கவயலுக்குத்தான். பெங்களூருக்கு மின்விளக்கு அதற்குப் பின்னர், 1905இல் வந்தது. தங்கம் வருவாய் தரும் என்ற நம்பிக்கை அத்தகைய பெரிய முதலீட்டுக்குத் துணிவு தந்தது. அந்த முடிவு திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் எடுக்கப்பட்டது.

மொத்தத்தின் மீதா, இலாபத்தின் மீதா?

ராயல்டிக்கும் இலாப வரிக்கும் உள்ள வேறுபாடு கணக்குப் பிள்ளைகளின் விவகாரமாகத் தோன்றலாம். சுரங்கத்தின் ஆயுளையே அது தீர்மானிக்கிறது. மொத்த மதிப்பில் 5 சதவீதம் என்றால், சுரங்கம் இலாபத்தில் ஓடினாலும் நட்டத்தில் ஓடினாலும் அரசுக்கு அதே பங்கு கிடைக்கும். தங்கம் மேலாகக் கிடைத்த காலத்தில் அது பாரமாகத் தெரியவில்லை. சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனபோது பாறை வெடிப்பு, வெப்பம், காற்றைக் குளிர்விக்கும் செலவு, தண்ணீரை இறைக்கும் செலவு எல்லாம் ஏறின. ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கமோ குறைந்தது. செலவு கூடக்கூட, மொத்தத்தின்மேல் விழும் வரி மீதமிருக்கும் இலாபத்தை மேலும் மேலும் தின்னும்.

ஆழமான சுரங்கங்கள் கொண்ட தென்னாப்பிரிக்கா இதற்கு ஒரு சூத்திரத்தை வைத்திருக்கிறது. தங்கச் சுரங்கத்தின் வருமானத்தில் இலாபம் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து வரி விகிதம் மாறும். இன்றைய சூத்திரப்படி, 165ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்து, கிடைப்பதை 33இல் இருந்து கழித்தால் வரும் எண்ணே வரி விகிதம். இலாபம் 5 சதவீதமாக இருந்தால் வரி பூஜ்யம். 50 சதவீதமாக இருந்தால் 29.7. தரம் குறைந்த பாறையையும் கைவிடாமல் வெட்ட அது ஊக்கம் தருகிறது. தங்கவயலுக்கு அத்தகைய ஏற்பாடு கிடைக்கவில்லை.

1956இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. 1962இல் மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் இங்கே எடுத்த தங்கம் வெளிச்சந்தைக்குப் போகவில்லை. அன்றைய பன்னாட்டு நாணய நிதிய விலையான அவுன்சுக்கு 35 டாலர், அதாவது தோலாவுக்குச் சுமார் 62.50 ரூபாய் என்ற கணக்கில் அரசு அதை எடுத்துக்கொண்டது. உள்நாட்டுச் சந்தையில் தங்கம் அதைவிடக் கணிசமான விலைக்கு விற்றது. சந்தை விலைக்கும் கொள்முதல் விலைக்கும் உள்ள இடைவெளி, வரி என்ற பெயர் எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு வரிதான். ராயல்டி கணக்கில் தெரியும், வருமான வரி கணக்கில் தெரியும். இந்த இடைவெளி எங்கும் வரவாகத் தெரியாது, சுரங்கத்தின் ஏட்டில் நட்டமாக மட்டும் தெரியும். தங்கவயலை நட்டத்தில் ஓடிய சுரங்கம் என்று சொல்கிறவர்கள், அந்த நட்டத்தின் ஒரு பகுதி விலை நிர்ணயத்தால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். 2001இல் வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்கள் தங்களால்தான் சுரங்கம் நொடித்தது என்ற பழியைச் சுமக்க வேண்டியதில்லை.

ராயல்டி ஒரு வரியா என்பது நீதிமன்றத்தில் பல பத்தாண்டுகள் நடந்த வழக்கு. தமிழ்நாட்டு அரசு சுண்ணாம்புக்கல் ராயல்டியின்மேல் விதித்த கூடுதல் தீர்வையை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் தொடுத்த வழக்கில், ராயல்டி ஒரு வரியே என்றும், அதன்மேல் மாநிலம் வரி போட முடியாது என்றும் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கனிம வளம் உள்ள மாநிலங்களின் கை அதோடு கட்டப்பட்டது. 2024 ஜூலை 25இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது: ராயல்டி என்பது குத்தகைக்கு எடுத்தவர் நில உரிமையாளருக்குக் கொடுக்கும் விலை, வரி அன்று; கனிம உரிமைக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். மாநிலங்கள் போட்டி போட்டு வரி விதித்தால் கனிமச் சந்தை சிதறிவிடும் என்பது அவருடைய கவலை. தீர்ப்பைத் தொடர்ந்து தமிழ்நாடு, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் சட்டத்தை 2024 டிசம்பரில் நிறைவேற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. இப்போதைய நாடு தழுவிய விதிப்படி தங்கத்துக்கான ராயல்டி, தாதுவில் அடங்கிய தங்கத்தின் சந்தை மதிப்பில் 4 சதவீதம். விகிதத்தை மத்திய அரசு வகுக்கும். பணம் மாநிலத்துக்குப் போகும்.

வருமானத்தின் மேல்

நேரடி வரிகளில் முதன்மையானவை தனிநபர் வருமான வரியும் நிறுவன வரியும். இரண்டும் சேர்ந்து 2024-25இல் நிகரமாக 22 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் தந்தன. இரண்டையும் மத்திய நேரடி வரிகள் வாரியம் நிர்வகிக்கிறது.

2025-26ஆம் நிதியாண்டுக்கான புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். படிநிலை என்பதன் பொருளைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் 15 சதவீதப் படிக்குள் நுழைந்தால் அவருடைய முழு வருமானத்துக்கும் 15 சதவீதம் விழாது. அந்தப் படிக்குள் வரும் பகுதிக்கு மட்டுமே விழும். தங்கவயலில் இயங்கும் பெமல் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நிலைக்கழிவு 75,000 போக 14.25 லட்சம். இரண்டாம் படியில் 20,000, மூன்றாம் படியில் 40,000, மிச்சமுள்ள 2.25 லட்சத்துக்கு 33,750, கூட்டினால் 93,750. அதன்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் 3,750. கட்ட வேண்டியது 97,500 ரூபாய். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் கணக்கில் வரும் 60,000 ரூபாயும் தள்ளுபடி ஆகிவிடும். சம்பளக்காரருக்கு அந்த வரம்பு 12.75 லட்சம்.

மாரிக்குப்பத்தில் இருந்து விடியும் முன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் தங்கவயல்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வருமான வரித் துறைக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் பான் அட்டையும், ஒப்பந்தக்காரர் பிடிக்கும் டிடிஎஸ் தொகையும்தான். வருமானம் கிடைக்கும் இடத்திலேயே ஒரு பகுதியைப் பிடித்து அரசுக்குச் செலுத்திவிடுவது டிடிஎஸ். வரி ஏய்ப்பைத் தடுக்க இதைப்போலக் கைகொடுத்த ஏற்பாடு வேறில்லை. ஆனால் வரி கட்ட வேண்டியிராத ஒருவரிடம் பிடித்த பணம், அவர் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பும். தாக்கல் செய்யத் தெரியாத கூலிக்காரரின் சிறு தொகை அரசிடமே தங்கிவிடுகிறது. தொழில் செய்கிறவர்கள் முன்கூட்டிய வரியாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணையில் கட்டுகிறார்கள். தகராறு வந்தால் முதலில் துறைக்குள் மேல்முறையீடு, பிறகு 1941 முதல் இயங்கும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதன்பின் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்.

விகிதம் எப்போதும் இவ்வளவு மிதமாக இருந்ததில்லை. பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டரின் 1956ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். 1973-74இல் உச்ச விகிதம் 97.75 சதவீதத்தைத் தொட்டது. நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய் மட்டும் மிஞ்சும் என்றால், வருமானத்தை மறைப்பதே இலாபமான தொழிலாகிவிடும், அதுதான் நடந்தது. ராஜா செல்லையா தலைமையிலான குழு 1990களின் தொடக்கத்தில் காட்டிய வழி வேறு: விகிதத்தைக் குறை, விலக்குகளைக் குறை, அடித்தளத்தை அகலமாக்கு. ப. சிதம்பரம் 1997 பட்ஜெட்டில் 10, 20, 30 என்ற படிகளைக் கொண்டுவந்தது அந்தத் தடத்தில்தான். அந்தத் திசை சரியானது. ஆனால் மரணத்துக்குப் பின் சொத்தின்மீது விழுந்த எஸ்டேட் தீர்வை 1985இலும், செல்வ வரி 2015இலும் போய்விட்ட பிறகு, சேர்த்து வைத்த செல்வத்தை மத்திய வரி அமைப்பு ஏறத்தாழத் தொடுவதே இல்லை என்பதும் அதே கதையின் பகுதி.

நகைக்கடை ரசீதில் இருப்பது

மறைமுக வரியின் நவீன வடிவத்துக்கு இந்தியாவில் வழிகாட்டியது சென்னை மாகாணம். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அமைச்சரவை 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்பற்றின. அதன் குறை, விற்கும் ஒவ்வொரு கட்டத்திலும் வரியின்மேல் வரி ஏறியது. 2005இல் கர்நாடகமும் 2007இல் தமிழ்நாடும் ஏற்ற மதிப்புக் கூட்டு வரி அதை ஓரளவு திருத்தியது. 2017 ஜூலை 1இல் வந்த ஜிஎஸ்டி, மத்திய கலால், சேவை வரி, மாநில மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றை ஒன்றாக்கியது.

அது இயங்கும் விதம் ராபர்ட்சன்பேட்டை நகைக்கடை ஒன்றில் விளங்கும். பன்னாட்டு விலையில் 1,00,000 ரூபாய் பெறுமான தங்கம் இறக்குமதியாகிறது என்று கொள்ளலாம். 2024 ஜூலையில் 15 சதவீதத்தில் இருந்து குறைத்த விகிதப்படி சுங்கம் 6,000 ரூபாய். 1,06,000 ரூபாய்மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 3 சதவீதம், அதாவது 3,180. இடையில் வேறு வியாபாரி இல்லை, நகைக்கடை தன் செய்கூலியும் இலாபமுமாக 14,000 சேர்க்கிறது என்றால் விலை 1,20,000. அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 3,600. கடைக்காரர் இந்த 3,600ஐ அப்படியே அரசுக்குக் கட்டுவதில்லை. ஏற்கெனவே கட்டிய 3,180ஐ உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொண்டு 420 மட்டும் கட்டுகிறார். அவர் சேர்த்த 14,000 மதிப்புக்கு 3 சதவீதம் சரியாக அதே 420தான். ஒவ்வொருவரும் தாம் கூட்டிய மதிப்புக்கு மட்டும் வரி கட்ட, முழுச் சுமையும் கடைசியில் வாங்குகிறவர்மேல் இறங்குகிறது. நகை வாங்கியவர் கொடுத்த 1,23,600 ரூபாயில் வரி 9,600. ரசீதில் தெரிவதோ 3,600 மட்டும். சுங்கம் விலைக்குள் கரைந்துவிட்டது.

ஜிஎஸ்டி பொருள் விற்ற மாநிலத்துக்குப் போகாது, பொருள் சேரும் மாநிலத்துக்குப் போகும். ஆந்திரமும் தமிழ்நாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தங்கவயலுக்கு இது நேரடியாகத் தெரியும் மாற்றம். கிருஷ்ணகிரியில் இருந்து வாங்கி வந்து ராபர்ட்சன்பேட்டையில் விற்கும் சரக்கின் மாநில வரி கர்நாடகத்தைச் சேர்கிறது. எல்லை வணிக வரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும். பெட்ரோல், டீசல், மது போன்ற சில பொருள்கள் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே மூன்று மாநில எல்லையில் எரிபொருள் விலை மூன்று விதமாக இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் நீங்கி, பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டுக்குள் வந்தன; ஆடம்பர, தீங்கான பொருள்களுக்கு 40. சோப்பும் பற்பசையும் தலையெண்ணெயும் 18இல் இருந்து 5க்கு இறங்கின. இந்த மாற்றம் ஏழை வீட்டுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. சம்பாதிப்பதை முழுவதும் செலவழிக்கும் குடும்பம் தன் வருமானத்தின் பெரும்பகுதிமேல் ஜிஎஸ்டி கட்டுகிறது. பாதியைச் சேமிக்கும் குடும்பம் மீதிப் பாதிமேல் மட்டும் கட்டுகிறது. வருமான வரி கட்டாதவர்களை வரி கட்டாதவர்கள் என்று பேசுவது தவறு என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கடைவீதியில் சோப்பு வாங்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒவ்வொரு நாளும் வரி கட்டுகிறார்.

சிறு வியாபாரிகளுக்கு வரம்பு உண்டு: கர்நாடகத்தில் ஆண்டு விற்றுமுதல் சரக்குக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். 2025 ஜூலையில் மாநில வணிக வரித் துறை யூபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பால், காய்கறி போன்ற வரியில்லாப் பொருள் விற்றவர்களும், வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே கணக்கில் வைத்தவர்களும் அதில் சிக்கினார்கள். கடையடைப்பு அறிவிப்பு வந்த பிறகு, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, இனிமேல் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு இறங்கி வந்தது. வரவு என்பதும் வரிக்குரிய விற்றுமுதல் என்பதும் வேறு. கணினி தரும் எண்ணை மட்டும் நம்பும் நிர்வாகம் அந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடும்.

பகிர்வு

வசூலான மத்திய வரி தொகுப்பு நிதியில் சேர்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் நிதிக்குழு, அதில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு 41 சதவீதம் என்றது. அதை மாநிலங்களுக்கு இடையே பிரிக்க, வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை. மக்கள்தொகை, பரப்பளவு ஒவ்வொன்றுக்கும் 15. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடுகளுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5. இந்த அளவுகோலில் கர்நாடகத்தின் பங்கு 4.713இல் இருந்து 3.647 சதவீதமாகச் சரிந்தது. 2024 பிப்ரவரி 7இல் முதலமைச்சர் சித்தராமையா அமைச்சர்களோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராடியது இதற்காகத்தான். தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது.

ஏழை மாநிலங்களுக்கு அதிகம் போக வேண்டும் என்ற கொள்கையை மறுக்க முடியாது. கேள்விக்கு உரியது செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலாகும் பணம். அது பகிர்வுக்கு வெளியே நிற்கிறது. மேலே சொன்ன நகையின் 6,000 ரூபாய்ச் சுங்கத்தில் 5,000 அடிப்படைத் தீர்வை, அது பகிரப்படும். 1,000 வேளாண் கட்டமைப்பு செஸ், அது முழுக்க மத்திய அரசிடம் நிற்கும். ஒரே வரியின் ஒரு பகுதிக்கு வேறு பெயர் சூட்டியதும் அது கூட்டாட்சியின் கணக்கில் இருந்து நழுவிவிடுகிறது.

நகரசபையின் பங்கு

வரி அமைப்பின் கடைசிக் கண்ணி உள்ளாட்சி. ராபர்ட்சன்பேட்டை நகரசபையின் சொந்த வருவாய் முக்கியமாகச் சொத்து வரி. அதோடு கடை உரிமக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம். கர்நாடகத்தில் வீட்டுக்காரரே தன் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. ஏப்ரலுக்குள் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி. மாதம் 25,000 ரூபாயும் அதற்கு மேலும் சம்பளம் வாங்குகிறவரிடம் பிடிக்கும் தொழில் வரி மாநில அரசுக்குப் போகிறது. பதினொரு மாதம் 200, பிப்ரவரியில் 300 என அது ஆண்டுக்கு 2,500 ரூபாய். 276ஆம் உறுப்பு வைத்த உச்ச வரம்பும் அதுவே.

சுரங்க நகரத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ நகரசபையோ வரி விதிக்க முடியாது என்கிறது 285ஆம் உறுப்பு. மத்திய அரசு நிறுவனங்கள் சட்டப்படி தனி நபர்கள், அவற்றின் சொத்து அரசின் சொத்து ஆகாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனால் வரி விதிக்கும் உரிமை இருப்பதும், உற்பத்தி நின்று வருமானம் அற்ற நிறுவனத்திடம் வசூலிக்க முடிவதும் வேறு வேறு. பெருமளவு நிலம் மூடிய சுரங்கத்தின் பெயரில் கிடக்கும் ஊரில், நகரசபையின் வரி அடித்தளம் கடைவீதியும் குடியிருப்புகளுமாகச் சுருங்குகிறது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்காத மாநிலங்களின் நகரங்களுக்கு மானியம் இல்லை என்ற பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனை, இத்தகைய ஊர்களின் தனி நிலைமையைக் கணக்கில் எடுக்கவில்லை.

தங்கம் பிரித்த பின் கொட்டிய மண் 13 மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன் அளவில் நிற்கிறது. அந்தச் சயனைடு மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்க ஏலம் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தெரிவித்தது. அந்த வேலை நடந்தால் ராயல்டி மாநிலத்துக்கும், நிறுவன வரி மத்திய அரசுக்கும், ஜிஎஸ்டி இருவருக்கும் போகும். தங்கவயலுக்கென்று நேரே வருவது, 2015 சட்டத் திருத்தம் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதிதான்: ஏலத்தில் பெற்ற குத்தகைக்கு ராயல்டியில் 10 சதவீதம், 2015 ஜனவரி 12க்கு முந்தைய குத்தகைக்கு 30 சதவீதம். குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு அதில் முன்னுரிமை தர வேண்டும் என்கின்றன வழிகாட்டு நெறிகள். காற்றடி காலத்தில் அந்த மேடுகளின் புழுதியைச் சுவாசிக்கும் குடியிருப்புகளுக்கு இந்த நிதியில் முதல் உரிமை உண்டு. அந்த 10 சதவீதம் போதுமா என்பதை ஏலத்துக்கு முன்பே மாநில அரசு கேட்டாக வேண்டும்.